கேக் அத்தையிடம் யாரும் குறை சொன்னதில்லை

என் பார்லரில் காத்திருப்பவர்கள் புரட்டுவதற்காக ஒரு கூடை நிறையப் பத்திரிகைகள் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் காலம் வந்துவிட்டால் போதும், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் குஷி கிளம்பிவிடும். ‘கோடையைக் கொண்டாடக் குளுகுளு யோசனைகள்!’ என்று அட்டையிலேயே ஆச்சரியக்குறி. உள்ளே போனால், வீட்டிலேயே கேக் செய்து அசத்துங்கள், குட்டிகளையும் கூடச் சேர்த்துக்கொண்டு மாவு கலக்குங்கள், நண்பர்களை மாலைத் தேநீருக்கு அழையுங்கள், மனதுக்குப் பிடித்தவரோடு ஒரு புது இடத்துக்குப் போய்வாருங்கள். பக்கத்தில் ஒரு பெண், மூக்கு நுனியில் மட்டும் அளவாக மாவு ஒட்டியிருக்க, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அசத்தி முடித்த பிறகு அந்தத் தட்டுகளைக் கழுவியது யார்? குட்டிகள் கலக்கிய மாவைத் தரையிலிருந்து சுரண்டியது யார்? நண்பர்கள் மாலைத் தேநீருக்கு வந்து சிரித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வெந்துகொண்டிருந்தது யார்? ஒரு பத்திரிகையும் இதை எழுதாது. நான் எழுதுவேன். அது என் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று குடும்பத்தில் பெயர். அக்காவுக்குக் கோபமே வராது என்று பெயர். இரண்டு பெயரையும் வைத்தது அண்ணன்தான். நாங்கள் மூன்று பேர். அண்ணன் மூத்தவர், அக்கா நடுவில், நான் கடைசி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு தப்பித்தேன். அக்கா அண்ணன் வீட்டிலேயே தங்கினாள். அப்போது அவள் ஒரு பெரிய பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி கட்டுகிற பிரிவில் சேர்ந்தவள், உள்ளே எட்டிப் பார்த்துப் பார்த்தே கேக் அடுப்புக்குப் போய்விட்டாள். அண்ணிக்கு முதல் குழந்தை பிறந்ததும், “வீட்ல இருந்தா குழந்தைக்கும் ஆச்சு, உனக்கும் ரெஸ்ட்” என்று அண்ணன் அந்த வேலையை விடவைத்தார். ரெஸ்ட்! அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவள் இன்னும் உட்காரவில்லை.

வேலைதான் போனது, கை போகவில்லை. சமையலறைக்குப் பின்னால் பழைய சாமான்கள் கிடந்த சின்ன அறையைச் சுத்தம் செய்து, ஒரு பழைய ஓவனை வாங்கிப் போட்டு, வீட்டிலிருந்தே கேக் செய்து விற்க ஆரம்பித்தாள். அந்த ஓவனுக்குப் பின்பக்கம் வலது மூலையில் மட்டும் சூடு அதிகம். பாதி வெந்ததும் டின்னைத் திருப்பி வைக்க வேண்டும். அதுவும் எப்போது என்றால், கேக் எழும்பி நடுப்பகுதி பிடித்துக்கொண்ட பிறகுதான். அதற்கு முன்னால் கதவைத் திறந்தால் உள்ளே குளிர்காற்று போய் நடுவே குழி விழுந்துவிடும். இதை அவள் அந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சொன்னாள் என்பதுதான் உண்மை, கேட்டார்களா என்பது வேறு விஷயம்.

அண்ணன் பிள்ளைகள் அவளைக் கேக் அத்தை என்று கூப்பிடும். பிறகு அந்த அடுக்குமாடிக் கட்டடமே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், “அதான் நம்ம வீட்லயே இருக்காளே, செஞ்சு கொடுத்துடுவா” என்று அண்ணன் கை உயர்த்திவிடுவார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். ராத்தூக்கத்தை விட்டு முட்டை அடித்தது அவள். பெருந்தன்மை மட்டும் அண்ணனுடையது.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு பெரிய கம்பெனியில் பயிற்சி அதிகாரி. வாடிக்கையாளரிடம் எப்படிக் கை குலுக்குவது, எவ்வளவு சிரிப்பது, எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை எத்தனை சாய்த்துக் கேட்பது என்றெல்லாம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பார். மரியாதையும் நாகரிகமும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. வீட்டில் தண்ணீர் ஜாடி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமா, ப்ளீஸ்?” என்பார். அந்த ப்ளீஸைக் கேட்டால் எனக்கு ஜாடியை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றும்.

அந்த வீட்டில் யாரும் அக்காவைத் திட்டியதில்லை. அதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம். திட்டியிருந்தால் சண்டைக்காவது போயிருப்பேன். எது செய்து வைத்தாலும் “நல்லா இருக்கு.” வாயில் ஒரு துண்டு, கண் டிவியில், கை அடுத்த துண்டில், “நல்லா இருக்கு.” ஒருமுறை அவள் சர்க்கரையை அளக்கும்போது போன் வந்து, இரண்டு தடவை போட்டுவிட்டாள். அதையும் வைத்துப் பார்த்தாள். “சூப்பர்” என்றார் அண்ணி. அன்று அவள் என் பார்லருக்கு வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“நான் மண்ணை வேகவச்சுக் கொடுத்தாலும் நல்லா இருக்குன்னுதான்டி சொல்லுவாங்க.”

“மூஞ்சில தூக்கி அடிச்சிருக்க வேண்டியதுதானே?”

“கேக்கையா? வேஸ்ட் ஆயிடும்.”

இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இந்தக் கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். வெயிலுக்கு வெண்ணெய் க்ரீம் நிற்காது. பூப் போட்டு நிமிர்வதற்குள் பூ வழிந்து தட்டுக்கு வந்துவிடும். அதற்காகவே அக்கா போன வருஷம் தன் உழைப்பில் அந்தச் சின்ன அறைக்கு ஒரு ஏசி மாட்டியிருந்தாள். பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் அண்ணி சொன்னார்: “பெரியவனுக்கு ரூம்ல புழுக்கமா இருக்காம். உன் ரூம் ஏசியை அங்க மாத்திடலாம்னு அவர் சொன்னார். நீ எப்படியும் பாதி நேரம் ஓவன் பக்கத்துலதானே நிக்கறே?” பெரியவன் படிக்கிறானா என்றால் அதுவும் இல்லை, விடுமுறை. கட்டிலில் மல்லாந்து போனில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான். அதே வாரம் ‘குட்டிகளுக்கான கோடைகாலக் கேக் வகுப்பு’ என்று அண்ணி கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நடத்தப்போகிறவளுக்கே அந்தச் செய்தி பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

ஏசியைக் கழற்ற ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து ஐம்பது வயது, முன்வழுக்கை, முழங்கையில் கருப்பாக எண்ணெய்க் கறை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே ஏறாமல் நின்றார். அறையைப் பார்த்தார். ஓவனைப் பார்த்தார். மேஜையில் பாதி முடிந்திருந்த கல்யாணக் கேக்கைப் பார்த்தார்.

“இதை இங்கேர்ந்து எடுக்கறதுல உங்களுக்குச் சம்மதமாங்க?” என்று கேட்டார்.

அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் பழக்கமில்லை. “எடுத்துக்குங்க” என்றுதான் சொன்னாள், என் அக்காவாயிற்றே. ஆனால் வேலை முடித்துக் கை கழுவியவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றார்.

அக்காவுக்கு அன்றைக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. “அதைச் சொல்ல இந்த வீட்ல நிறையப் பேர் இருக்காங்க. என்ன குறைன்னு சொல்லுங்க, இல்லேன்னா தட்டை வச்சிட்டுப் போங்க” என்றிருக்கிறாள்.

மனிதர் பயந்துபோய் இன்னொரு வாய் எடுத்து, கண்ணை மூடி மென்று, “ஓரம் கொஞ்சம் வறண்டிருக்கு. ஏலக்காய் மாதிரி ஏதோ ஒண்ணு, அது வேண்டாம்னு தோணுது” என்றார். அக்கா சிரித்தாள். அவர் போன பிறகும் சிரித்தாள். அது அவளுக்கும் தோன்றியிருந்த குறைதான்.

இப்படித்தான் ஆரம்பித்தது. பூவும் இல்லை, கவிதையும் இல்லை. அவர் சாப்பிட வேண்டும், நல்லா இருக்கு என்ற வார்த்தையை மட்டும் சொல்லக்கூடாது. வெயில் காலத்தில் ஏசிக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி இன்னொரு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருப்பார். நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் இவர்கள் எங்கே சந்தித்தார்கள் தெரியுமா? ஏசி விற்கிற ஷோரூமில்! அங்கே விற்பனைப் பையன்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். வாடிக்கையாளர் உட்கார்ந்து குளிர் எப்படி இருக்கிறதென்று பார்ப்பதற்காக ஒரு சோபா போட்டிருப்பார்களே, அதில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். சுவரெல்லாம் ஏசி. அக்கா கைப்பையிலிருந்து டப்பாவை எடுப்பாள். அவர் கண்ணை மூடிச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வார். பத்திரிகைக்காரர்கள் புது இடம் புது இடம் என்கிறார்களே, இதைப் போடட்டும்.

அவர் மனைவி இறந்து வெகு காலமாகிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார். தனியாக இருக்கிறார். இதையெல்லாம் அக்கா என்னிடம் புருவம் திருத்திக்கொள்ள வந்தபோது சொன்னாள். அவள் புருவம் திருத்திக்கொள்வது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில்தான் என்றாள். நான் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பேசினால் எனக்கும் வந்திருக்கும், கோபக்காரி என்ற பேர் கெட்டுப்போயிருக்கும்.

ஒருநாள் அண்ணி காதில் விழுந்துவிட்டது. அக்கா போனில், “உப்பா? பத்தலையா? நிஜமாவா சொல்றீங்க? ஐயோ, எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா!” என்று கொஞ்சிக்கொண்டிருந்தாளாம். உப்புப் பத்தாததற்குச் சந்தோஷப்படுகிறவளுக்குக் கண்டிப்பாக ஏதோ ஆகிவிட்டது என்று அண்ணி அண்ணனிடம் போய்ச் சொன்னார்.

அண்ணன் கத்தவில்லை. அவர்தான் நாகரிகமானவர் ஆயிற்றே. என்னையும் வரவழைத்து, எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு பேசினார்.

“நான் தடை சொல்ற ஆள் இல்லம்மா. ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்கு. ஷோரூம்ல உக்காந்து டப்பா திறக்கறது நம்ம குடும்பத்துக்கு அழகா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீக்கு வரட்டும். முறையா வரட்டும். பாப்போம்.”

“பாப்போம்னா? இன்டர்வியூவா?” என்றேன் நான்.

“நீ கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசினா நல்லா இருக்கும், ப்ளீஸ்” என்றார்.

அக்கா சரி என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாற்பதைத் தாண்டியவள், தன் மனசுக்குப் பிடித்தவரை நிறுத்தி வைத்து மதிப்பெண் போட இவருக்கு ஏன் நாற்காலி போட்டுக் கொடுக்கிறாள்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் கையை விட்டுப் போய்விடக்கூடாதே என்ற பயம் அதில் அப்பட்டமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நான் போய்விட்டேன். அக்கா க்ரீம் இல்லாத வெண்ணெய்க் கேக் செய்தாள். அந்த உலையறையில் க்ரீம் எங்கே நிற்கும்? மாவை இரண்டு தடவை சலித்தாள், முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து மோந்து பார்த்துச் சேர்த்தாள். டின்னை உள்ளே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். போகும்போது, “அண்ணி, கதவை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கூடத்தில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி திறந்தார். “வாசனை வந்துச்சே, கருகுதோன்னு பாத்தேன்” என்றார் பிறகு. ஒரு தடவை திறந்திருந்தாலும் பரவாயில்லை. திறந்து வைத்துக்கொண்டு விரலால் குத்திப் பார்த்திருக்கிறார். அக்கா வந்து பார்த்தபோது கேக்கின் நடுவே யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு பள்ளம். இன்னொன்று செய்ய நேரம் இல்லை. அண்ணி உடனே ஃப்ரிட்ஜிலிருந்து கடைக் க்ரீமை எடுத்து, பள்ளத்தில் கொட்டி, மேலே செர்ரிப் பழத்தை அடுக்கிவிட்டார். “இப்போ யாருக்குத் தெரியும்?” என்றார். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிற குடும்பம், பள்ளத்தை மறைக்கத் தெரியாதா?

அவர் வந்தார். முழுக்கைச் சட்டை, தேய்த்த பேன்ட். கழுத்துப் பொத்தான் வரை போட்டு, அந்த வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். கை குலுக்கினார். சொன்ன நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அண்ணன் பேசும்போது தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்கு அப்போதே திக்கென்றது. இது யாரோ சொல்லிக்கொடுத்த சாய்ப்பு.

அக்கா கேக்கை வெட்டிக் கொடுத்தாள். அண்ணன் “பிரமாதம்” என்றார். அண்ணி “நல்லா இருக்கு” என்றார். பெரியவன் போனிலிருந்து தலை தூக்காமல், “செம அத்தை” என்றான். பள்ளத்தில் இருந்த மாவு பச்சையாகப் பல்லில் ஒட்டியது எனக்கு. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. நெற்றியில் வேர்வை, கையில் அந்தக் கத்தி, கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு. ஓவன் கதவைத் திறந்தது யார் என்று கூட அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்திருப்பாள்.

“உங்களுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

அவர் விழுங்கினார். அண்ணனைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு, “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றார்.

அக்கா முகத்தில் விளக்கு அணைந்தது. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்கிற பழக்கம் அங்கே கிடையாது. அவர் போனதும் அண்ணன் கையைத் தேய்த்துக்கொண்டு, “நல்ல மனுஷன். நாகரிகம் தெரிஞ்சவர். எனக்குப் பூரண சம்மதம்” என்று அறிவித்தார். அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, “எனக்கு இல்ல” என்றாள்.

“என்னது?”

“எனக்கு வேண்டாம்.”

“என்னம்மா இது? அந்த மனுஷன் என்ன தப்புப் பண்ணிட்டார்?”

“நல்லா இருக்குன்னு சொன்னார்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் டின்னைத் தேய்க்க ஆரம்பித்தாள். அண்ணனும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயது ஏறினால் இப்படித்தான் புத்தி பேதலிக்கும் என்று அண்ணி மெல்லச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அக்கா அவர் போனை எடுக்கவில்லை. ஷோரூமுக்குப் போகவில்லை. என் பார்லருக்கு வந்தாள், வந்து பத்திரிகைகளை அடுக்கிவைத்தாள், போனாள். “இருபது வருஷமா கேட்ட வார்த்தைடி அது. அவர் வாயிலேர்ந்தும் அதான் வரும்னா, நான் இங்கேயே இருந்துட்டுப் போறேனே. எதுக்கு இன்னொரு வீடு?” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் பொறுக்க மாட்டாமல் ஷோரூமுக்குப் போனேன். அவர் அதே சோபாவில், வேலைச் சட்டையோடு, தனியாக உட்கார்ந்திருந்தார். போன வேகத்தில் பொரிந்து தள்ளினேன். விற்பனைப் பையன்கள் எல்லாம் ஏசிகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார்கள்.

“உங்களை என்ன கேட்டா அவ? நகையா கேட்டா? ஒரு குறை சொல்லுங்கன்னு கேட்டா. அதுக்குக் கூட வாய் வரலையா உங்களுக்கு?”

அவர் எழுந்து நின்றார். “உங்க அண்ணன் முந்தின நாள் போன் பண்ணாருங்க. ரொம்ப மரியாதையாத்தான் பேசினார். ‘எங்க வீட்ல சாப்பாட்டைக் குறை சொல்ற வழக்கம் இல்ல. அது எங்களுக்கு அவமரியாதை. நீங்க இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வரணும்னா இதெல்லாம் பழகிக்கணும்’னு சொன்னார். எப்படி உக்காரணும், எப்படிக் கேக்கணும்னு எல்லாம் சொன்னார். நான் பயந்துட்டேங்க. ஒரு வார்த்தையால அவங்க எனக்குக் கிடைக்காமப் போயிடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

“அந்த வார்த்தையாலதான் போச்சு.”

“தெரியுதுங்க.”

“கேக் எப்படி இருந்துச்சு நிஜமா?”

“கண்றாவியா இருந்துச்சுங்க” என்றார் அந்த மனிதர். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அண்ணன் மேல் கொலைவெறியும் வந்தது. போன் போட்டு, ப்ளீஸ் சொல்லி, தலையைச் சாய்த்து, ஒருத்தி வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறார்! கோபத்தில் அடித்தவனைக் கூட மன்னிக்கலாம்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். விடுமுறை நாள், நானும் அங்கேதான் இருந்தேன். நடந்ததை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. அக்கா போய்த் திறந்தாள். அவர் நின்றார். எண்ணெய்க் கறைச் சட்டை, தோளில் கருவிப் பை, மூஞ்சியெல்லாம் வெயில்.

“அன்னைக்குச் செஞ்ச கேக் மிச்சம் இருக்குங்களா?” என்றார்.

இருந்தது. பிரமாதம் என்றும் செம என்றும் சொன்னவர்கள் யாரும் அதை அப்புறம் தொடவில்லை. ஃப்ரிட்ஜில் முக்கால் பாகம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே, கண்ணை மூடி, மென்று விழுங்கினார். சாப்பாட்டு மேஜையில் எல்லார் கையும் பாதியில் நின்றது.

“நடுவுல வேகவே இல்லங்க. பச்சை மாவு. அதை மறைக்க மேல கடைக் க்ரீம் கொட்டியிருக்கு. செர்ரி எதுக்குன்னே தெரியல. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நல்லா இருக்குன்னு நான் சொன்னது பொய். உங்க அண்ணன் சொல்லச் சொன்னாரு, நான் சொன்னேன். தப்பு என்னுதுதான். இனிமே யார் சொன்னாலும் சொல்ல மாட்டேன்.”

அண்ணி முகம் வெளிறிவிட்டது. அண்ணன் எழுந்தார். அந்தச் சாய்ந்த தலை நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“என்னய்யா இது? சாப்பிடற நேரத்துல வீட்டுக்குள்ள வந்து, பொம்பளைங்க செஞ்சதைக் கண்டபடி பேசறே? மரியாதை தெரியாதவன்! ஏம்மா, இவனையா நீ? நாங்க இத்தனை வருஷமா உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லியிருப்போமா? எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதானே சொன்னோம்? அதெல்லாம் என்ன, பொய்யா?”

“பொய்யான்னு எனக்குத் தெரியாதுண்ணா” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “நீங்க யாரும் ருசி பாக்கவே இல்லையே.”

“போதும்! இந்த ஆளுக்கு என் சம்மதம் கிடையாது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

அக்கா அவர் கையிலிருந்த காலித் தட்டை வாங்கி மேஜையில், அண்ணன் முன்னால் வைத்தாள்.

“நான் எப்போ கேட்டேன்?” என்றாள். “முறையா வரட்டும்னு நீ சொன்னே, வந்தார். பொய் சொல்லுன்னு சொன்னே, சொன்னார். சம்மதம்னு நீயே சொன்னே, இப்போ இல்லேன்னும் நீயே சொல்றே. நான் உன்கிட்ட எதையும் கேக்கலையே. இந்த வீட்ல இதுவரைக்கும் நான் எதையுமே கேட்டதில்லையே.”

காலில் செருப்பை மாட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் அக்கா ஏசிக்காரரோடு படியிறங்கிப் போனாள், வெறுங்காலோடு, அந்த வெயிலில். கதவைச் சாத்தப் போன நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு வந்தது கோபம். பாவி, இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு இருபது வருஷமா ஆகணும்?